ரிச்சித் தெருவில் ஒரு கணக்கு

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகத் திரும்பும் சிறு தெருக்களுள் ஒன்று ரிச்சித் தெரு. தெரு என ஒருமையில் வழங்கினும், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர் சாலை என அதனை ஒட்டிய பலவும் சேர்ந்தே அப்பெயர் பெற்றுள்ளன. வானொலிப் பெட்டியின் உதிரிப் பாகங்களை விற்ற கடைகள் அங்கே முன்பு மிகுதி என்று பெரியவர்கள் கூறுவர். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது; அதுவும் போய்த் தொலைக்காட்சிப் பாகங்கள் வந்தன; பின்னர்க் கணிப்பொறி வந்தது. ஆள் நடக்க இடமில்லாத அச்சந்துகளில் இன்று மடிக்கணினியும் மானிட்டரும் கையடக்க விளையாட்டுக் கருவியும் அடுக்கடுக்காய் நிற்கின்றன. தமிழாசிரியனுக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வேலை இருந்தது.

என் தங்கை பாபநாசத்திற்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் இருக்கிறாள். அவள் கணவர் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் பணிபுரிகிறார். மக்கள் இருவர். மூத்தவள் 2025 சூன் மாதம் கணிப்பொறி அறிவியல் இளநிலை வகுப்பிற் சேர்ந்தாள். இளையவன் பதினொன்றாம் வகுப்பு. மச்சான் அறுபதாயிரம் ரூபாய் அனுப்பி, தொலைபேசியில் என்னிடம் ஒரு வேண்டுகோளும் வைத்தார். "மச்சான், பிள்ளைக்கு ஒரு லேப்டாப்பு, சாதாரணமா இருந்தாப் போதும். தம்பி என்ன கேக்குறானோ அதையும் பாத்து வாங்கிக் குடுத்துடுங்க."

இந்த இரண்டு வாக்கியங்களையும் மாணவச் செல்வங்கள் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பெண்ணுக்குச் 'சாதாரணமாக இருந்தால் போதும்'. பையனுக்கு 'என்ன கேட்கிறானோ அது'. மச்சான் கொடியவர் அல்லர். மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று உறவினர் பலரோடு வழக்காடி வென்றவர். ஆயினும் அவ்வாக்கியங்கள் அவ்வாறே அமைந்தன. நம் வீடுகள் பலவற்றில் அவை அவ்வாறே அமைகின்றன.

இளையவன் கேட்டது நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்னும் கையடக்கக் கருவி. சந்தர்ப்பம் வாய்த்தால் கேமிங் மானிட்டர் ஒன்றும் வேண்டும் என்பது அவன் உள்ளத்து அவா. மூத்தவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரவு வண்டியில் வரும்போது அவள் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் எண்கள் எழுதப்பட்டிருந்தன.

முதற்கடையில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். விற்பனை செய்யும் இளைஞர் பணிவானவர், தொழில் தெரிந்தவர். எனினும், மடிக்கணினி யாருக்கு என்று கேளாமலே அவர் இளையவனை நோக்கித்தான் பேசத் தொடங்கினார். "தம்பி, காலேஜுக்கா, கேமிங்குக்கா?" மூத்தவள், "எனக்கு" என்றாள். அவர் தலையசைத்துவிட்டு, மீண்டும் பையனையும் என்னையும் பார்த்தே விளக்கினார். மூன்று கடைகளில் இதே நிலைதான். நான்காம் கடையில் அவள் மடித்த தாளை விரித்தாள்.

அத்தாளில் இருந்த ஒரு செய்தியை இங்கே எழுதுவது பலருக்குப் பயன்படும். மலிவு விலை மடிக்கணினி வாங்கச் செல்வோர் 'ரைசன் 5' என்ற பெயரைக் கேட்டவுடன் மனநிறைவு கொள்கின்றனர். அப்பெயருக்குப் பின்வரும் நான்கு எண்களைப் படிப்போர் சிலரே. ஏ.எம்.டி. நிறுவனம் 2023ஆம் ஆண்டுக்கென வெளியிட்ட 7000 வரிசையில், முதல் எண் ஆண்டைக் குறிக்கும். இரண்டாவது, தரவரிசையைக் குறிக்கும். மூன்றாவது எண்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பு எத்தலைமுறையினது என்று காட்டும். ஆகவே 7520யூ என்றால், சட்டை 2023ஆம் ஆண்டினது. உடல் 2019ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஜென் 2 என்னும் கட்டமைப்பு. 7530யூ என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. முன்னதில் கருக்கள் நான்கு; பின்னதில் ஆறு. பெட்டியின்மேல் இரண்டிற்கும் ஒரே ஒட்டுச்சீட்டு, 'ரைசன் 5'. விலையில் மட்டும் நாங்கள் சென்ற நாளில் பத்தாயிரம் ரூபாய் வேறுபாடு. முன்னது 32 ஆயிரம். பின்னது 42 ஆயிரம்.

"மாமு, அந்த மூணாவது எண்ணைப் பாருங்க. அதோட 7520ல மெமரியைப் பலகையிலேயே பற்றவச்சிருப்பாங்க. எட்டு ஜி.பி.ன்னா கடைசி வரைக்கும் எட்டுதான்" என்றாள். விற்பனை இளைஞர் அதன்பின்னரே அவளை நேராகப் பார்த்தார். "ஆமாங்க மேடம்" என்றும் சொன்னார். எனக்கு அந்தச் சொல் இனித்தது என்பதை மறைப்பானேன்?

யாப்பிலக்கணத்தில் ஓரசை மாறினால் தளை தட்டும் என்று நாற்பதாண்டுகளாக வகுப்பில் கூறி வந்துள்ளேன். ஓர் இலக்கம் மாறினால் பத்தாயிரம் ரூபாய் என்பதை ரிச்சித் தெருவில் கற்றேன்.

பழைய கருவிகள் விற்கும் கடைகளும் அங்கே நிரம்ப உண்டு. அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளைத் துடைத்து, 'ரீஃபர்பிஷ்டு' என்று பெயரிட்டு, பதினெட்டாயிரத்துக்குத் தருகிறார்கள். அவற்றுள் நல்லனவும் உள. ஆனால் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நின்றுபோயின. விண்டோஸ் 11 வேண்டுமெனில், இன்டெல் சில்லுகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். எங்களுக்குக் காட்டப்பட்டவை ஆறாம் தலைமுறை. லினக்ஸ் நிறுவிக்கொண்டால் அத்தகைய கருவியும் பல்லாண்டு உழைக்கும் என்பது உண்மையே. மூத்தவளும் அதனை அறிவாள். கல்லூரி ஆய்வகத்தில் எல்லாம் விண்டோஸில் நடப்பதால் வேண்டாம் என்றாள்.

மற்றொன்று திரை. மலிவு மடிக்கணினிகளில் விலையைக் குறைக்கும்போது முதலில் வெட்டு விழுவது திரையின்மேல்தான். மூடியைச் சற்றுச் சாய்த்தும் பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். எழுத்து வெளிறினால், நிறம் திரிந்தால், அது டி.என். வகை. ஐ.பி.எஸ். வகையில் அக்குறை பெரிதும் இராது. அடியிலும் மின்னூட்டியிலும் இந்தியத் தரநிலைகள் அமைப்பின் பதிவெண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் காணல் வேண்டும். 2012ஆம் ஆண்டின் ஆணை மடிக்கணினிக்கு அதனைக் கட்டாயமாக்கியது. மின்னூட்டியைப் பெரும்பாலோர் பார்ப்பதேயில்லை. ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அதன் தரம் தெரியவரும்.

இனி இளையவன் நாடிய பொருளுக்கு வருவோம். விளையாட்டுக் கருவி என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்முள் உளர். ஆடுபுலி ஆட்டத்தில் பிற்பகல் முழுதும் கழித்த தலைமுறையினர் நாம். அதனால் நான் அவ்வளவு கடுமை காட்டுவதில்லை. மேலும் இக்கருவிகளின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது.

கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய சிறு நிறுவனமே நின்டெண்டோ. அங்கே பணியாற்றிய குன்பெய் யோக்கோய் என்பார், தொடர்வண்டியில் ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டாராம். அதிலிருந்து பிறந்தது 1980இல் வெளிவந்த 'கேம் அண்ட் வாட்ச்'. 1989இல் வந்தது 'கேம் பாய்'. அதன் திரையில் வண்ணமே இல்லை. நான்கு படிநிலைச் சாயல்கள்தாம். அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத் திரையுடன் 'கேம் கியர்' கொணர்ந்தது. அதற்கு ஆறு மின்கலங்கள் வேண்டும். அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு மின்கலங்கள். பல மணி நேரம் ஓடும். வென்றது வண்ணமற்றதே. அதற்குப் பின் வந்த வண்ண வடிவத்தையும் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் விற்றன. நன்கு பழகி, விலை மலிந்து, பிறர் ஒதுக்கிய தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய வழியில் பயன்படுத்துவதே யோக்கோயின் கொள்கை. அவர் அதனை 'வாடிய தொழில்நுட்பம்' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினார். 1997இல் சாலை விபத்தொன்றில் அவர் மறைந்தார்.

நம் ஊர்ப்பக்கத்துக்கு இக்கருவிகள் வந்த வழியும் ஒரு தனிக்கதை. பர்மாவிலிருந்து அகதிகளாய்த் திரும்பியோருக்காக 1969இல் சென்னைக் கடற்கரை நிலையத்தின் அருகே பர்மா பஜார் அமைந்தது. வெளிநாட்டுப் பொருள் எளிதிற் கிடைக்காத அந்நாளில், கைக்கடிகாரமும் பாட்டுப்பெட்டியும் வேண்டியோர் அங்கே செல்வர். மற்றொரு வழி, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோரின் பெட்டி. தொண்ணூறுகளில் அப்பெட்டிகளிலிருந்து செங்கல் அடுக்கும் ஆட்டம் கொண்ட சிறு சீனக் கருவி வெளிவரும். தெருப்பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடுவர். அப்பெட்டியைத் திறக்கும்போது அத்தாவின் முகத்தைவிடப் பெட்டியின் உட்புறத்தையே பிள்ளைகள் நோக்குவர். மச்சானும் அப்படி நோக்கி வளர்ந்தவர்தாம். இப்போது அவரே பெட்டி கொண்டுவருபவராகிவிட்டார். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருகிறார். மகன் கேட்பதை மறுக்க அவருக்கு மனம் வாராமைக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஸ்விட்ச் கருவி 27 ஆயிரம் என்றார் கடைக்காரர். நாங்கள் சென்ற நாளில் அதற்கு இந்தியாவில் நிறுவனத்தின் முறையான விற்பனை ஏற்பாடு இல்லை. கடையில் இருந்தது வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு. உத்தரவாதம் கடைக்காரரின் வாய்ச்சொல் அளவே. அதனை அவரே ஒளிக்காமற் கூறினார். அவர் வாழ்க. ஆட்டங்களைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்கல் வேண்டும். பெரிய ஆட்டம் ஒன்று சில ஆயிரங்கள். கருவியின் விலையை மட்டும் கேட்டுச் செல்வோர் இதனைக் கணக்கிற் கொள்வதில்லை.

கணக்கு தெளிவாக இருந்தது. 32 ஆயிரத்தின் மடிக்கணினியும் 27 ஆயிரத்தின் ஸ்விட்சும் சேர்ந்தால் 59 ஆயிரம். மச்சான் அனுப்பிய தொகைக்குள் அடங்கும். 42 ஆயிரத்தின் மடிக்கணினி வாங்கினால் ஸ்விட்ச் இல்லை. மூத்தவள், "மாமு, 32 ஆயிரத்துதே போதும். சமாளிச்சுக்கலாம்" என்றாள். விவரம் அனைத்தும் அறிந்து, தாளில் எழுதிக் கொண்டுவந்து, அதனைக் கடைக்காரருக்கே விளக்கிய பிள்ளை, தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அதைச் சொன்னாள். கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "சார் கார்டு இருக்கா? நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. போட்டுக்கலாம். ஆறு மாசம், மாசம் ஏழாயிரம். வட்டியே கிடையாது. ரெண்டையும் வாங்கிட்டுப் போகலாம்." இளையவன் கண்களில் ஒளி. என்னிடம் வங்கி அட்டை இருந்தது. ஆயினும் என் தங்கை வட்டி என்ற சொல் நிழலாடும் எதனையும் வீட்டினுள் ஏற்காதவள். வீட்டுக்குக் கூரை மாற்ற ஐந்தாண்டு காத்திருந்து சேமித்தவள். 'வட்டியில்லை' என்று ஒருவர் சொன்னால் அது மெய்தானா என்று பார்ப்பது என் கடன் அன்றோ?

நின்ற இடத்திலேயே கணக்கிட்டோம். மாதம் 7,000 வீதம் ஆறு மாதம் செலுத்தினால் 42,000. பார்வைக்கு வட்டி இல்லைதான். ஆனால் வங்கி வட்டி வாங்காமல் கடன் தருவதில்லை. ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று கொண்டால், அத்தவணைகள் ஈடுசெய்யும் கடன்தொகை சற்றேறக்குறைய 40,220 ரூபாய்தான். எஞ்சிய 1,780 ரூபாயும் வட்டி. விற்பவர் தரப்பு அத்தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறது. வங்கி அதனை வட்டியாக நம்மிடம் வாங்குகிறது. ஒன்றை ஒன்று ஈடுசெய்வதால் 'இல்லை' போலத் தோன்றுகிறது. அட்டைக் கணக்கின் மாதப் பட்டியலிலோ வட்டி என்ற வரி தனியே நிற்கும். அவ்வட்டியின்மேல் 18 விழுக்காடு வரியும், அஃதாவது இன்னும் 320 ரூபாய், நம் தலையில் ஏறும். பரிசீலனைக் கட்டணம் இருப்பின் அது வேறு. சுழிய வட்டி என ஒன்று இல்லை என்னும் கருத்துப்பட ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. பெயர் மாறி வழக்கம் தொடர்கிறது.

இதன் சமய முறைமையைக் கூற நான் தகுதியுடையேன் அல்லேன். அது கற்றறிந்த ஆலிம்களின் துறை. பெயரில் இல்லாத வட்டி பட்டியலில் இருக்கிறது என்பதை மட்டும் கணக்காகச் சொல்கிறேன். மற்றொரு பக்கமும் உண்டு. தவணைக்காரருக்குத் தள்ளுபடி தர முடியுமெனில், ரொக்கம் தருபவருக்கு ஏன் தரக்கூடாது? இதனைக் கடைக்காரரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "தமிழ் வாத்தியார்னு சொன்னீங்க, கணக்கு வாத்தியாரா இருக்கீங்களே" என்றார். 42 ஆயிரத்தில் 1,200 குறைத்துக்கொண்டார். ரொக்கம் எடுத்துச் செல்வோர் இதைக் கேட்கத் தயங்க வேண்டா.

ஆகத் தவணை இல்லை என்று முடிவாயிற்று. இனி இரண்டில் ஒன்று. நான் வெளியே வந்து மச்சானை அழைத்தேன். அவர் கிடங்கில் பகலுணவு நேரம். நிகழ்ந்ததைக் கூறினேன். "அவ போதும்னுதானே சொல்றா மச்சான்?" என்றார். "அவள் அப்படித்தான் சொல்லுவாள். அதனால்தான் உங்களை அழைத்தேன்" என்றேன். "தம்பி முகம் வாடுமே" என்றார். "வாடும். வாடினால் மூன்று நாள். இவளுக்கோ மூன்று ஆண்டு" என்றேன். மீரான் சாகிபு தெருவில் சுமைவண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே நான் குரலை உயர்த்திப் பேசினேனா, கோபத்தால் உயர்த்தினேனா என்பது எனக்கே தெளிவில்லை. அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "உங்க இஷ்டம் மச்சான்" என்றார். அது இசைவா, மனத்தாங்கலா என்பதும் அன்று தெரியவில்லை.

7530யூ மடிக்கணினியை வாங்கினோம்.

மீதியில் இளையவனுக்கு ஒரு மானிட்டர் பார்த்தோம். அவன் 180 ஹெர்ட்ஸ் கேட்டான். நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதே ஹெர்ட்ஸ். 60 என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி, 100 என்றால் 10, 180 என்றால் 5.6. அறுபதிலிருந்து நூறுக்குச் செல்கையில் கிடைக்கும் ஆதாயம் கண்ணுக்குத் தெரிகிறது. சுட்டியை வேகமாக அசைத்தபோது நானே கண்டேன். அதற்குமேல் எனக்கு விளங்கவில்லை, அவனுக்கு விளங்கியிருக்கலாம். ஆனால் நொடிக்கு 180 படங்களைத் திரை காட்ட வேண்டுமெனில், கணிப்பொறி 180 படங்களை வரைந்து தரல் வேண்டும். தனி வரைகலை அட்டை இல்லாத மடிக்கணினிக்குப் பெரிய ஆட்டங்களில் அது இயலாது. மூத்தவள் இதனைத் தம்பிக்கு விளக்கினாள். 24 அங்குலம், ஐ.பி.எஸ்., 100 ஹெர்ட்ஸ், விலை 8,500. வாங்கினோம். எஞ்சிய பத்தாயிரத்துச் சொச்சத்தைத் தங்கையிடம் ஒப்படைத்தேன்.

இளையவன் திரும்பும் வண்டியில் என்னோடு பேசவில்லை. வாட்டம் மூன்று நாள் அன்று, இரண்டு வாரம் நீடித்தது. இப்போது இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை அம்மானிட்டரில் மடிக்கணினியை இணைத்து ஆடுகிறான். மற்ற நேரத்தில் அவள் நிரல் எழுதுகிறாள். இடையிடையே சண்டையும் உண்டு. ஒருமுறை தங்கை இருவரையும் வைது, மின்கம்பியைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

2025 டிசம்பரில் மூத்தவள் என்னை அழைத்தாள். இரண்டாம் பருவப் பாடத்துக்கு எட்டு ஜி.பி. போதவில்லை, கருவியில் இன்னொரு தகடு செருகும் இடம் இருக்கிறது, விலை கேட்டுச் சொல்ல வேண்டும் என்றாள். கோடையில் இரண்டாயிரத்துக்குள் கிடைத்த அத்தகடு இரு மடங்கையும் தாண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கெனக் கட்டப்படும் பெருங்கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதே காரணம். மைக்ரான் என்னும் அமெரிக்க நிறுவனம், பொதுமக்களுக்கு நேரே விற்றுவந்த தன் குரூசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக அம்மாதமே அறிவித்தது. பாபநாசத்தருகே ஒரு மாணவியின் தேவைக்கும் அமெரிக்காவின் கட்டடங்களுக்கும் இப்படியும் ஒரு தொடர்பு.

விலையை மச்சானிடம் கூறினேன். எதிர்முனையில் சற்று அமைதி. "வாங்கிக் குடுத்துடுங்க மச்சான். பணம் வெள்ளிக்கிழமை அனுப்புறேன்" என்றார். தம்பிக்கு என்ன வேண்டுமாம் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. "அந்த மூணாவது நம்பரு விஷயம், என்னமோ சொன்னாளே, இங்க ரூம்ல ஒரு பையன் லேப்டாப்பு வாங்கப் போறான். அவளையே அவனுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்க" என்றார்.